ஸ்டடி கோஆர்டினேட்டர் வேலை கிடைத்திருக்கிறது (கோத்தகிரி) – டிப்ளமோ படிக்கணுமா, நேரே இறங்கிவிடலாமா?

#1 கோத்தகிரி செவிலி

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. நர்சிங் முடித்து மூன்று வருடம் வார்டில் இருந்தேன். இப்போது கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் ஸ்டடி கோஆர்டினேட்டர் வேலை, அதாவது மருத்துவ ஆய்வின் அன்றாட வேலைகளை ஒருங்கிணைப்பது. வரும் ஒன்றாம் தேதி சேரணும்.

ஆய்வு இதுதான்: தேயிலை பறிக்கும் பெண்களில் ரத்தசோகை இருப்பவர்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் கொடுப்பதா, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதா, எதில் ஹீமோகுளோபின் நன்றாக ஏறுகிறது என்று பார்ப்பது. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஆளுக்கு நான்கு விசிட்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜிசிபி (நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறை) பயிற்சியை இரண்டு ராத்திரியில் முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். ஆனால் நேற்று டாக்டர் சாதாரணமாக, "டெலிகேஷன் லாக், ஸ்கிரீனிங் லாக் இரண்டும் ரெடி பண்ணி வைம்மா" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்துதான் அது என்னவென்று தேடினேன்.

கோயம்புத்தூரில் ஆறு மாத டிப்ளமோ இருக்கிறது, 1 லட்சத்து 20 ஆயிரம், சேர்ந்துவிடு என்கிறார் மாமா. சேரணுமா? இல்லை என்றால் இந்த மூன்று வாரத்தில் எதைக் கையில் எடுப்பது?

#2 எஸ்டேட் தம்பி

அக்கா, முதலில் பணத்தைக் கட்டாதீங்க. என் தங்கச்சி இதே மாதிரி ஒரு இடத்தில் படித்தாள். பேரைச் சொல்ல விரும்பவில்லை. ஆறு மாதமும் ஸ்லைடுதான். ஒரு நோயாளியைக்கூட பார்க்கவில்லை, நிரப்பிய படிவம் ஒன்றைக்கூட கையில் தொடவில்லை. 'நூறு சதவீதம் வேலை' என்று சொன்ன வேலை கடைசியில் ராத்திரி ஷிப்டில் மெடிக்கல் பில்லிங். அம்மாவின் வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

#3 பழைய ஃபைல்

பதினாலு வருடம் இதே வேலையில் இருந்தவள் சொல்கிறேன், தங்கச்சி. வேலை கையில் இருக்கும்போது டிப்ளமோ எதற்கு? உன் டிப்ளமோ அந்த மருத்துவமனைதான், சம்பளமும் அவர்களே தருகிறார்கள்.

லாக் இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். டெலிகேஷன் லாக் என்றால், யார் எந்த வேலையைச் செய்யலாம் என்று முதன்மை ஆய்வாளர் எழுத்தில் ஒப்படைக்கும் தாள். பேர், கையெழுத்து, சுருக்கக் கையெழுத்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எல்லாம் இருக்கும். அதில் உன் பேர் ஏறாமல் ஒரு ஊசிகூடக் குத்தாதே. ஸ்கிரீனிங் லாக் என்றால், ஆய்வுக்கு வருவார்களா என்று பார்த்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. சேராதவர்களுக்கும்தான். ஏன் சேரவில்லை என்ற காரணம் அதில் இருக்கணும்.

மூன்று வாரத்தில் என்ன செய்யலாம்? புரோட்டோகாலை, அதாவது ஆய்வு எப்படி நடக்கணும் என்ற திட்ட ஆவணத்தை, மூன்று தடவை படி. முதல் தடவை கதை மாதிரி. இரண்டாம் தடவை பென்சிலோடு: யாரைச் சேர்க்கலாம், யாரைக் கூடாது, எந்த நாளில் எது. மூன்றாம் தடவை படிக்கும்போது உன் கையாலேயே ஒரே ஒரு தாளில் கட்டம் போடு. மேலே நான்கு விசிட், பக்கவாட்டில் செய்யவேண்டிய வேலைகள். அடித்துக் கொடுத்த அட்டவணை புரோட்டோகாலிலேயே இருக்கும், தெரியும். ஆனாலும் கையால் போடு. எது இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். நான் ஒரு ஆய்வில் அப்படிப் போட்டபோதுதான் இரண்டாம் விசிட்டில் ரத்தம் எடுக்கணும் என்று ஒரு பக்கத்திலும், எடுக்க வேண்டாம் என்று இன்னொரு பக்கத்திலும் இருந்தது கண்ணில் பட்டது. ஆய்வுக்கு ஒப்புதல் தரும் எதிக்ஸ் கமிட்டி வரை போய் வந்த தாள் அது!

விசிட் தேதிக்கு முன்பின் எத்தனை நாள் இடம் இருக்கிறது என்பதையும் அதே கட்டத்தில் குறித்துக்கொள். மூன்று நாள்தான் என்றால் உள்ளூர் காலண்டரைப் பக்கத்தில் வை. படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை (ஹெத்தை ஹப்பா), சம்பள நாள், இலை அதிகமாக வரும் வாரம். ஹெத்தை ஹப்பா அன்றைக்கு பேரகணிப் பக்கத்து ஊர்ப் பெண்களை ரத்தம் கொடுக்க வா என்று கூப்பிட்டுப் பார், தெரியும்.

அப்புறம் எழுதும் பழக்கம். இதை எந்த வகுப்பிலும் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுவார்கள், ஆனால் வேலையில் பாதி இதுதான். பார்த்ததை அப்போதே எழுதணும். எழுதியது யார் என்று தெரியணும். முதலில் எதில் எழுதினாயோ அதுதான் மூலம், கையில் எழுதிக்கொண்டாலும் டிஷ்யூ பேப்பரில் கிறுக்கினாலும் அதுவே மூலம், அதைக் கிழித்துப் போடக்கூடாது. தப்பானால் ஒரே கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரியணும், பக்கத்தில் சரியானது, தேதி, சுருக்கக் கையெழுத்து.

நான் சேர்ந்த புதிதில் எடை ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டு, அழகாக இருக்கட்டும் என்று ஒயிட்னர் போட்டேன். பெங்களூரிலிருந்து மானிட்டர், அதாவது ஆய்வுப் பதிவுகளைச் சரிபார்ப்பவர், வந்தார். பர்லியார் வளைவில் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு முகமெல்லாம் வெளுத்து வந்த மனிதர், டீகூடக் குடிக்காமல் அந்தப் பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். 46 என்று அடியில் தெரிந்தது. மேலே 49. சேர்ப்பதற்குக் குறைந்தபட்ச எடை 48. நான் நிஜமாகவே தப்பாகத்தான் எழுதியிருந்தேன், ஏமாற்றவில்லை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருந்தது? அந்தப் பெண்ணின் தரவு முழுக்கக் கேள்விக்குள்ளானது. அன்றைக்கு மாலையே ஒயிட்னரைக் குப்பையில் போட்டேன், இன்றைக்கும் என் மேஜையில் கிடையாது.

தேதியும் அப்படித்தான். 05/06 என்று எழுதாதே, மாதத்தை எழுத்தில் எழுது. மேயா ஜூனா என்று ஆறு மாதம் கழித்து உனக்கே தெரியாது.

#4 மலையிறங்கியவன்

பழைய ஃபைல் அக்கா சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் ஒன்று: நான் குன்னூர்க்காரன், இப்போது பெங்களூரில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் தரவு மேலாண்மை. எங்கள் எச்.ஆர். முதல் வடிகட்டலில் 'கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ' என்ற சொல்லைத்தான் தேடுகிறார்கள். நியாயமா என்றால் இல்லை. ஆனால் நடப்பு அது.

#5 பழைய ஃபைல்

> எச்.ஆர். முதல் வடிகட்டலில்...

அவள் கோத்தகிரியில் வேலைக்குச் சேர்கிறாள், தம்பி. பெங்களூருக்கு வரும்போது இரண்டு வருடம் களத்தில் இருந்த அனுபவம் இருக்கும். அப்போதும் உங்கள் எச்.ஆருக்கு அது போதாது என்றால் நீ சிபாரிசு செய்.

படிக்கணும் என்றால் சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், என்பிடெல் என்ற இணையவழிப் படிப்புத் தளம் வழியாக ஆரோக்கிய ஆய்வு அடிப்படைகள் பற்றி ஒரு பயிற்சி நடத்துகிறது. பார்க்க இலவசம், தேர்வு எழுதத்தான் கட்டணம். மாமாவிடம் அதைக் காட்டு. ஜிசிபி சான்றிதழிலும் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள், மூன்றாம் திருத்தம் 2025 ஜனவரியில் வந்துவிட்டது.

#6 ஓவேலி அக்கா

கூடலூர் பக்கம் பழங்குடி ஊர்களில் இருபது வருடமாக சுகாதாரப் பணி. ஃபைல் சமாசாரம் எனக்கு அவ்வளவு தெரியாது. சம்மதம் வாங்குவது பற்றி மட்டும் சொல்கிறேன்.

நர்ஸ் உடுப்பில் போய் நின்று படிவத்தை முழுக்க வாசித்தால் எல்லாரும் 'சரிங்க' என்பார்கள். அந்த 'சரிங்க' என்றால் 'ஒத்துக்கிறேன்' இல்லை. 'சீக்கிரம் முடிங்கம்மா, அடுப்பில் சோறு இருக்கு' என்று அர்த்தம். எனக்கு இது புரிய நாலைந்து வருடம் ஆனது.

அதனால் வாசித்து முடித்ததும் 'புரிந்ததா' என்று கேட்காதே. 'ராத்திரி வீட்டுக்காரர் கேட்டால் இது என்னவென்று அவருக்கு எப்படிச் சொல்வீங்க?' என்று கேள். அப்போது வரும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு தடவை ஒரு அம்மா சொன்னார்: "ரத்தம் கொடுத்தா ரேஷன்ல ஏதோ கூடத் தருவாங்களாம்." நாங்கள் ரேஷன் என்ற சொல்லையே எடுக்கவில்லை!

குலுக்கல் என்ற சொல்லும் ஜாக்கிரதை. 'சீட்டுக் குலுக்கிப் போடுவோம்' என்று விளக்கினேன், 'பரிசு என்ன?' என்று கேட்டார்கள். சீட்டு என்றால் இங்கே சீட்டுக் கம்பெனி, பாத்திரச் சீட்டு. இப்போது இப்படிச் சொல்கிறேன்: 'இரண்டு வழியில் எது நல்லது என்று டாக்டருக்கும் தெரியாது. அதனால் உங்களுக்கு எது என்று டாக்டரும் முடிவு செய்ய மாட்டார், நீங்களும் முடிவு செய்ய முடியாது, உறைக்குள் என்ன இருக்கோ அதுதான்.' டாக்டருக்கே தெரியாது என்றதும் கொஞ்சம் முகம் சுருங்கும். சுருங்கட்டும். அதுதான் உண்மை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆய்வைச் சேராத சாட்சி ஒருவர் கூடவே இருந்து கேட்டுக் கையெழுத்துப் போடணும். தோட்டத்தில் மேஸ்திரியைக் கூப்பிட்டு நிறுத்துவது சுலபம். செய்யாதே. நாளைக்கு எந்தக் காட்டில் இலை பறிக்கணும் என்று சொல்பவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் 'வேண்டாம்' என்பாள்? 2009-ல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான) தடுப்பூசி போட்ட விவகாரம் நினைவிருக்கும். பெற்றோருக்குப் பதிலாக விடுதி வார்டன்களும் தலைமையாசிரியர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010-ல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள், நாடாளுமன்றக் குழு வரை போனது.

#7 எஸ்டேட் தம்பி

சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்கணும் என்று சட்டமே இருக்கிறதே? அக்கா வீடியோ கேமரா கேளுங்க.

#8 மஞ்சூர் டாக்டர்

தம்பி, பாதி சரி. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, புதிய வேதிமூலக்கூறு மருந்தைச் சோதிக்கும்போது, எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம் சம்மதம் வாங்குவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யணும். எச்ஐவி, தொழுநோய் மருந்து என்றால் ஒலிப்பதிவு மட்டும் போதும். இரும்புச்சத்து மாத்திரை புதிய மருந்தில்லை. எதிக்ஸ் கமிட்டி தனியாகக் கேட்டால் ஒழிய வேண்டாம். தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டுக்குள் கேமராவை நீட்டினால் வருகிற நாலு பேரும் வரமாட்டார்கள்.

செவிலி அம்மா, சேரும் முதல் நாளே ஒன்றைப் பாருங்கள். எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் கடிதத்தில் எந்தப் பதிப்பு சம்மதப் படிவத்துக்கு ஒப்புதல் என்று இருக்கும். கையில் வைத்திருக்கும் படிவத்தின் அடியில் அதே பதிப்பு எண், அதே தேதி இருக்கிறதா? தமிழ்ப் படிவத்துக்கும் தனியாக ஒப்புதல் உண்டா? சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவும் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்கணும். 2018 ஏப்ரலிலிருந்து பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்ற கதையே கிடையாது.

#9 கோத்தகிரி செவிலி

எல்லாருக்கும் நன்றி. மாமாவிடம் சொல்லிவிட்டேன், இரண்டு நாளாகப் பேசவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, விரல்நுனியில் குத்தித்தான் ஹீமோகுளோபின் பார்க்கப் போகிறோம். காலை ஏழு மணிக்குப் பனியில் நின்று வருகிறவர்களின் கை ஐஸ் மாதிரி இருக்கும், ரத்தமே வராது. இரண்டு, சிரிக்காதீங்க: ஆய்வில் இருக்கும் ஒருவரைக் காட்டெருமை முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அதையும் ரிப்போர்ட் பண்ணணுமா? எங்கள் ஊரில் இது நடக்கிற விஷயம்.

#10 ரத்தத்துளி

ஊட்டியில் லேப் டெக்னீஷியன். குளிர்ந்த கையைக் குத்தினால் வராது, வராததைப் பிதுக்குவோம், பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு தப்பாகும். ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர், ஒரு பேசின், ஒரு துண்டு. குத்துவதற்கு முன் கையை நனைத்து நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள், ஈரம் இருந்தால் அதுவும் கலக்கும். நடுவிரல் அல்லது மோதிரவிரல், நுனியில் இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில். முதல் இரண்டு மூன்று துளியைத் துடைத்து எறிந்துவிட்டு அடுத்த பெரிய துளியில் கியூவெட்டை (கருவியில் வைக்க ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் சின்னத் தகடு) வைத்து ஒரே இழுப்பில் நிரப்புங்கள். நடுவில் காற்றுக்குமிழி இருந்தால் அந்தக் கியூவெட்டை எறிந்துவிட்டு வேறு எடுங்கள், தட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது: சில மாடல் கியூவெட் ஈரக்காற்றில் கெட்டுப்போகும். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்த கையோடு மூடணும். மஞ்சு இறங்குகிற நேரத்தில் டப்பாவைத் திறந்தே மேஜையில் வைத்துவிட்டு ஒரு முகாம் முழுக்க நடத்தினோம். அன்றைய அளவுகளை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதுங்கள்.

#11 புள்ளி ராஜா

(பேரைப் பார்த்து அந்தப் பழைய விளம்பரத்தை யாரும் பாட வேண்டாம். நான் புள்ளியியல் ஆள், அவ்வளவுதான்.)

ஹீமோகுளோபினில் இன்னொரு வில்லங்கம் உயரம். மேலே போகப் போக உடம்பு தானாகவே ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும், அதனால் சமவெளிக்கான வரம்பை மலையில் அப்படியே போடக்கூடாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. உலக சுகாதார நிறுவனத்தின் 2011 அட்டவணைப்படி 1,500 மீட்டரில் 0.5, 2,000 மீட்டரில் 0.8 கிராம் கழிக்கணும். ஊட்டியில் ஒருவருக்கு 12.3 வந்தால் பார்க்க நல்லாத்தான் இருக்கும், கழித்தால் 11.5. ரத்தசோகை! 2024-ல் இந்த அட்டவணையையே மாற்றிவிட்டார்கள், கழிக்கும் அளவு இன்னும் கூடியிருக்கிறது. உங்கள் புரோட்டோகால் எந்த அட்டவணையைச் சொல்கிறது, கோத்தகிரிக்கு எவ்வளவு என்று முதல் ஆளைச் சேர்க்கும் முன் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். படிவத்தில் மட்டும் கருவி காட்டிய எண்ணையே எழுதுங்கள். மனக்கணக்கில் கழித்து எழுதினால் நான் இங்கே இன்னொரு தடவை கழிப்பேன், கதை கந்தல்.

யாருக்கு எந்த முறை என்று உள்ளே எழுதியிருக்கும் உறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வரிசை எண் போட்டு, வெளிச்சத்தில் தெரியாத உறையாக, ஒட்டின இடத்தில் கையெழுத்தோடு இருக்கும். பேரை மேலே எழுதிவிட்டுத்தான் திறக்கணும், ஒன்றைக்கூடத் தாண்டக்கூடாது. முன்பு நான் தரவு பார்த்த ஒரு ஆய்வில், பாவம் இந்தம்மா ரொம்ப வெளுத்திருக்காங்க, தினமும் மாத்திரை கிடைக்கட்டும் என்று ஒரு நர்ஸ் அடுத்த உறையையும் பிரித்துப் பார்த்து மாற்றிக் கொடுத்திருக்கிறார். நல்ல மனசு. ஆனால் வெளுத்தவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் நான் எதை எதோடு ஒப்பிடுவது?

#12 மஞ்சூர் டாக்டர்

காட்டெருமைக் கேள்விக்கு: ஆமாம், ரிப்போர்ட் பண்ணணும். ஆஸ்பத்திரியில் சேர்த்தாலே அது தீவிரப் பாதக நிகழ்வு, எஸ்ஏஇ. மாத்திரையால் வந்ததா, மாட்டால் வந்ததா என்பது அடுத்த கேள்வி, அதை ஆய்வாளர் எழுதுவார். மாத்திரை சாப்பிட்டுத் தலைசுற்றி விலக முடியாமல் முட்டு வாங்கினாரோ என்னவோ, வீட்டில் உட்கார்ந்து யார் கண்டார்கள்? தெரிந்த 24 மணி நேரத்துக்குள் எதிக்ஸ் கமிட்டிக்குப் போகணும்.

ஜூலை மழையில் மண் சரிந்து பாதை போய், டவரும் போய்விடும். அதனால் கமிட்டியின் மின்னஞ்சல், தொலைபேசி இரண்டையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், போனில் மட்டும் வைக்காதீர்கள். பங்கேற்பவர்கள் கையிலும் உங்கள் எண் உள்ள அட்டை இருக்கட்டும். அவர்களை வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

#13 நெறியாளர்

ஒரு பயிற்சி நிறுவனம் இங்கே மூன்று தடவை விளம்பரம் போட்டது, மூன்றையும் எடுத்துவிட்டேன். இழை தொடரட்டும்.

#14 பழைய ஃபைல்

மாத்திரை எண்ணுவதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு விசிட்டிலும் மாத்திரை அட்டையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி மிச்சத்தை எண்ணணும். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிற்றைப் புரட்டும், பயந்து நிறுத்திவிடுவார்கள். இதை முதல் நாளே சொல்லிவிடு. மிச்சம் இருந்தால் திட்டாதே. ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை அட்டை காலியாக வரும், மாத்திரை லைன் வீட்டுச் சாக்கடையில் இருக்கும்.

இதெல்லாம் நம் ஊரில் புதிதில்லை. 1956-ல் மெட்ராஸில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கி, 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்திலும் மீதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் வைத்தியம் பார்த்தார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணி, சிறுநீரையும் சோதித்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவு தேறினார்கள் என்று 1959-ல் வெளியிட்டார்கள். அந்த மையம்தான் சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சந்து சந்தாகப் போய் மாத்திரை எண்ணியவர்கள் நம்மைப் போன்ற ஆட்கள்தான். அவர்கள் பேர் யாருக்கும் தெரியாது, அதைப் பற்றி இன்னொரு நாள் புலம்புகிறேன்.

தங்கச்சி, சேருவதற்கு முன் வீட்டில் யாரையாவது உட்கார வைத்துச் சம்மதப் பேச்சைப் பழகிப் பார்.

#15 கோத்தகிரி செவிலி

பழகினேன். அம்மாவை உட்கார வைத்து, ஓவேலி அக்கா சொன்ன மாதிரியே, படுகு மொழியில் பேசினேன். பத்து நிமிடம் நன்றாகத்தான் போனது. அப்புறம் அம்மா கேட்டார்: "நாலு தடவை வரணும், ரெண்டு தடவை ரத்தம். முதல் தடவையே ஒழுங்கா எடுக்கத் தெரியாதா உனக்கு?" முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பார்க்கத்தான் என்றேன். "அப்போ நாலு நாள் கூலி போச்சே, அதை யார் தருவா?" படிவத்தைப் புரட்டினேன். பஸ் செலவு தருவோம் என்று இருக்கிறது. கூலி பற்றி ஒரு வரியும் இல்லை.

நாளைக்கு டாக்டரிடம் இதைக் கேட்கப் போகிறேன். அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பழகுவதற்காக ஒரு ஸ்கிரீனிங் லாக் போட்டு வைத்திருந்தேன், அதில் இதை ஏற்றணுமா?

#16 மஞ்சூர் டாக்டர்

கூலி இழப்பை ஈடுகட்டுவதற்கு விதியில் தடையில்லை. ஆசைகாட்டும் அளவுக்குப் போகாமல் தொகையைக் குறித்து, திருத்தமாக எதிக்ஸ் கமிட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே போகட்டும்.

#17 பழைய ஃபைல்

ஏற்று. வரிசை எண் 1, சேரவில்லை, காரணம்: சம்மதம் தரவில்லை. தேதியில் மாதத்தை எழுத்தில் எழுது.